ஏலத்தில் போன சத்தம்

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, இதில் ஒரு எழுத்து பொய் இல்லை! பொய் என்றால் எவன் வேண்டுமானாலும் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் என் பேரைச் சொல்லி மிளகாய் அரைத்துப் பூசட்டும். இந்த பஸ் இப்படியே பி.ஏ.பி. வாய்க்காலுக்குள் இறங்கட்டும். டிரைவர் திரும்பிப் பார்க்கிறார் பாருங்கள். பார்க்கட்டும். சத்தியம் செய்கிறவன் சத்தமாகத்தான் செய்வான். மெதுவாகச் சத்தியம் செய்கிறவனை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

உங்கள் மடியில் இருக்கிறதே சாம்பல் நிறப் பெட்டி, மேலே சின்னதாக சோலார் தகடு, கீழே சத்தம் வர ஒரு கூம்பு, அதைப் பார்த்துத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். காட்டில் பன்றி விரட்டக் கட்டப் போகிறீர்கள், அப்படித்தானே? மக்காச்சோளமா, நிலக்கடலையா? எதுவாக இருந்தால் என்ன, பன்றிக்கு இரண்டும் பிடிக்கும். இந்தப் பெட்டி யாருடையது என்று கேட்டிருப்பீர்கள். "யாருடையதும் இல்லீங்க, எல்லாருடையதுங்க" என்று பல்லைக் காட்டியிருப்பார்கள். எல்லாருடையதாம்! எல்லாருடையது என்று சொல்லப்படுகிற பொருளில் ஒரே ஒருவனுக்கு மட்டும் பங்கு இருக்காது. அந்த ஒருவன்தான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். தளி போய்ச் சேருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். கண்டக்டர் சிரிக்கிறார், அவரை விடுங்கள். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பார்.

என் பேர் திருமூர்த்தி. உடுமலைச் சந்தையில் தக்காளி ஏலம் கூவினவன். மைக் இல்லாத காலத்து ஆள். நான் இங்கே "ஒரு தரம்" என்றால் தாராபுரத்தில் வண்டியை ஓரம் கட்டுவார்கள். ஒருமுறை நான் மூன்றாம் தரம் கூவியபோது பக்கத்து மண்டபத்தில் மணவறையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, கெட்டிமேளம் என்று நினைத்து முகூர்த்தத்துக்கு முன்னாலேயே தாலியைக் கட்டிவிட்டான். நல்லாத்தான் இருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். பேர் சொல்ல மாட்டேன், குடும்ப விஷயம்.

ஏலத்துக்கு ஒரு நியாயம் உண்டு தம்பி, அதைத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் வேண்டும். கூடை முன்னால் நிற்கும். ஒரு தரம். ஏறக் கேட்கிறவன் கேட்கலாம். இரண்டு தரம். இன்னமும் கேட்கலாம். மூன்று தரம். முடிந்தது. அதுவரைக்கும் வாய் திறக்காதவன் அப்புறம் தலைகீழாக நின்றாலும் கூடை திரும்பி வராது. பேசாமல் நின்றவன் ஒத்துக்கொண்டவன். இது எங்கள் சந்தையின் சாசனம். இதை எழுதி வைக்க ஒரு வக்கீலும் தேவைப்படவில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். எங்கள் காட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் மகன் நிவாஸ். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். அவன் வேலையை விட்டானா, வேலை அவனை விட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்டேன், பதில் சொல்லவில்லை. ஊருக்கு வந்து காட்டில் பன்றி புகுந்ததைப் பார்த்துவிட்டு ஒரு பெட்டி செய்தான். எதிரே ஏதாவது அசைந்தால் பெட்டி சத்தம் போடும். வெளிநாட்டு சைரன் ஏதோ ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். பன்றிகள் வந்தன. சைரன் அடித்தது. ரேடியோவில் பாட்டு வைத்த மாதிரி நின்று கேட்டுவிட்டுச் சோளத்தைத் தின்றன. ஒரு பன்றி தலையாட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு வந்ததே கோபம். வரப்பில் ஏறி நின்று ஒரு சத்தம் போட்டேன்: "ஏஏஏய்! எவன்டா அவன் காட்டுக்குள்ள!"

அவ்வளவுதான். பன்றிக் கூட்டம் மலையைப் பார்த்து ஓடியது. அதில் கிழப் பன்றி ஒன்று அமராவதி அணையைத் தாண்டி, சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டி, மறையூரில் போய்த்தான் நின்றதாம். இன்றைக்கும் அது கேரளாப் பன்றிதான். தமிழ்நாட்டுப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை.

நிவாஸ் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தான். "ஐயா, அதே மாதிரி இன்னொருக்கா கத்துங்க!" என்று போனை நீட்டினான். கத்தினேன். அதுதான் பெட்டிக்குள் போன சத்தம். பெட்டி அவன் செய்தான், சரி. தகரமும் கம்பியும் அவனுடையது. ஆனால் பன்றி தகரத்துக்கா ஓடியது? மணிக்கூண்டு யார் கட்டினால் என்ன, மணியடிக்கிறவன் அல்லவா ஆள்?

அப்புறம்தான் அந்தக் கிறுக்குத்தனம் செய்தான். பெட்டியின் படம், அளவு, எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்தச் சில்லு, எந்த ஓட்டை, என் சத்தம் உட்பட எல்லாவற்றையும் இண்டர்நெட்டில் திறந்து போட்டுவிட்டான். யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம், திருத்தலாம், விற்கலாம். திருத்தினால் திருத்தத்தையும் அதே மாதிரி திறந்து போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. "திறந்த வன்பொருள்ங்க ஐயா" என்றான். "வீடு கட்டிக் கதவு வைக்காம விட்டா அதுக்குப் பேரு திறந்த வீடாடா?" என்று கேட்டேன். சிரித்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாம் திட்டுவதே புரிவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டி பரவியது. தளி, ஜல்லிபட்டி, எரிசனம்பட்டி, அந்தப் பக்கம் பழனி வரைக்கும். பொழுது சாயும்போது வாசலில் நின்றால் தெற்கே ஒரு காட்டில் "ஏஏஏய்!" என்று நான் கத்துவேன். மேற்கே இன்னொரு காட்டில் நானே பதில் சொல்லுவேன். சந்தையில் மைக் வந்து என்னை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து, "மெதுவாப் பேசுங்க, காது இங்கதான் இருக்குது" என்று என் வீட்டுக்காரி ராமாத்தாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டி வந்த பிறகு, சீரியல் பார்க்க முடியவில்லை என்று அவள் கதவைச் சாத்தினாள். நான் வாசலிலேயே நிற்பேன். சும்மா, காற்றுக்காக.

பரவினால் என்ன ஆகும்? ஆள் சேர்வார்கள். ஓசூரிலிருந்து ஒருத்தன் மழைத்தண்ணீர் இறங்காமல் கூம்பைக் கவிழ்க்க வேண்டும் என்றான். தேனியிலிருந்து ஒருத்தன் பேட்டரியை மாற்ற வேண்டும் என்றான். ஒருத்தன் திருத்தியதை இன்னொருத்தன் அழித்தான். வாட்ஸ்அப் குழுவில் சண்டை. உடனே நிவாஸ், "ஐயா, இதுக்கு ஒரு சமூக நிர்வாக முறை வேணுங்க. யாரு முடிவு எடுக்கறது, எப்படி எடுக்கறதுன்னு விதி வகுக்கோணும்" என்று ஒரு தேங்காய்க் களத்து ஷெட்டில் கூட்டம் போட்டான்.

அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! உரித்த மட்டைக் குவியலுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஐ.நா. சபை நடத்தினார்கள். முதல் தீர்மானம், நடத்தை விதி. யாரையும் "டேய்" போட்டுக் கூப்பிடக் கூடாது. யாரையும் மட்டம் தட்டக் கூடாது. யார் பேசும்போதும் குறுக்கே பேசக் கூடாது. "அப்புறம் எதுக்குடா கூட்டம்?" என்று கேட்டேன். அந்த ஒரு வாக்கியத்திலேயே இரண்டு விதியை மீறிவிட்டேன் என்று ஒருவர் எழுந்து சொன்னார். புஷ்பகலா டீச்சர். ஜல்லிபட்டியில் அறிவியல் டீச்சர். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, பெயிலான பையனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். அவர் கொழுந்தனார் காட்டில் பெட்டி கட்டியிருந்ததால் அவரும் உறுப்பினர். பெட்டி வைத்திருந்தால் உறுப்பினராம். எருமை வைத்திருக்கிறவனெல்லாம் மாட்டு டாக்டர் ஆக முடியுமா?

அடுத்தது, முடிவு எடுப்பது எப்படி. கை தூக்கலாம் என்றான் ஒருத்தன். கை தூக்கினால் தோற்றவன் மனம் நோகும் என்றான் ஒருத்தன். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்றார் டீச்சர். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? ஒத்துக்கொள்ளும்வரை பேச வேண்டுமாம். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் என்பதற்கே எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் ஆரம்பித்தது, சாம்பார் ஆறிப்போனது. எனக்குப் பசி.

எழுந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். "கேளுங்கப்பா. எங்க சந்தையில லாரி லாரியாத் தக்காளி போகும், ஒருத்தன் மனசும் நோகாது. எவனுக்கு எதை மாத்தோணுமோ, குழுவுல போடட்டும். ஒரு தரம்னு போடட்டும். ஒண்ணுவிட்ட நாள் ரெண்டு தரம். இன்னும் ஒண்ணுவிட்ட நாள் மூணு தரம். நடுவுல எவனாச்சும் 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை போட்டா அங்கயே நிறுத்தி உக்காந்து பேசு. ஒருத்தனும் பேசலையா? பேசாதவன் சம்மதம். போச்சு, அடுத்த கூடை!"

ஷெட் அப்படியே வாயைப் பிளந்தது. நிவாஸ் எழுந்து நின்று கைதட்டினான். பெங்களூரில் படித்தவர்களும் இதையேதான் செய்கிறார்கள், ஆனால் இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரியாது என்றான். டீச்சர் மட்டும், "பாக்காம விட்டுட்டா என்னங்க பண்றது?" என்றார். "பாக்கோணுங்க டீச்சர். சந்தைக்கு வந்தவன் கண்ணைத் தொறந்து வச்சிருக்கோணும்" என்றேன். அந்த விதியையே அந்த விதிப்படி அங்கேயே கூவினேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். ஒருத்தர் மட்டும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, ஆனால் வாய் நிறைய பக்கோடா. போச்சு.

உங்களிடம் சொல்வதற்கென்ன? எனக்கு ஒரு கணக்கு இருந்தது. இவர்கள் எல்லாம் காலையில் வேலைக்குப் போய் மாலையில் சலித்து வருகிறவர்கள். குழுவை யார் பார்ப்பார்கள்? நான்தான் சும்மா இருக்கிறவன். முதல் வாரமே போட்டேன்: பெட்டிக்குப் பேர் "திருமூர்த்தி காவல்". ஒருத்தனும் பேசவில்லை. மூன்று தரம். போச்சு. அடுத்தது, பெட்டி மூடியில் என் மீசையைப் படமாக ஒட்ட வேண்டும். முகம் வேண்டாம், மீசை போதும், எனக்கு விளம்பரம் பிடிக்காது. அதுவும் போச்சு. அப்புறம் டீச்சர் குழுவில் வந்து, "பரீட்சைப் பேப்பர் திருத்திட்டு இருந்தேன், பாக்கலைங்க. பன்னி விரட்டற பெட்டிக்கு எதுக்குங்க மீசை?" என்று கேட்டார். "மூணு தரம் ஆயிருச்சுங்க டீச்சர்" என்று போட்டேன். அன்றிலிருந்து அந்த அம்மா குழுவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படித்தவர்களுக்கு வஞ்சம் அதிகம் தம்பி.

இப்போது பொங்கியண்ணன் வருகிறார். எரிசனம்பட்டியில் நிலக்கடலைக் காடு. எதையும் நேராகச் சொல்லத் தெரியாத மனிதர். வாசலில் வந்து நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்து, மழையைப் பற்றிப் பேசி, மாட்டைப் பற்றிப் பேசி, அப்புறம் சொன்னார்:

"அண்ணா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லப்பா."

"உங்க சத்தத்துக்கு இப்பப் பன்னி ஓடறது இல்லீங்கண்ணா."

"அப்புறம்?"

"படுத்துக்குது."

"என்னப்பா சொல்றே?"

"பெட்டிக்கு அடியிலயே வந்து படுத்துக்குதுங்கண்ணா. நீங்க 'ஏஏஏய்'னதும் குட்டியெல்லாம் கண்ணை மூடுது. உங்க சத்தம் கேட்டாத்தான் அதுகளுக்குத் தூக்கம் வரும் போல. தின்னுபோட்டு அங்கயே தூங்கிட்டு விடிஞ்சதும் போகுதுங்க. இந்தக் கடலையும் போச்சுன்னா பேங்க்ல வச்ச நகை திரும்பாதுங்கண்ணா."

இதை நீங்கள் நம்புகிறீர்களா? நான் ஒருக்காலும் நம்பவில்லை. அவர் காட்டுப் பன்றிக்கு மட்டும் காது கேட்காமல் இருந்திருக்கும். இல்லாவிட்டால் பெட்டியைத் தப்பாகக் கட்டியிருப்பார். ஜல்லிபட்டியில் அப்படியே நடந்தது என்றார்கள், அங்கேயும் பன்றிக்குக் காது மந்தம். தளியிலும் அப்படி என்றார்கள். ஒரே குடும்பத்துப் பன்றிகளாக இருக்கலாம். பரம்பரைக் கோளாறு.

டீச்சருக்கு இது போதாதா? குழுவில் பெரிய கட்டுரை. ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் விலங்குக்குப் பழகிவிடுமாம். அதனால் திருமூர்த்தி ஐயாவின் குரலை எடுத்துவிட்டு, வெவ்வேறு ஊர்க்காரர்கள் அனுப்பும் சத்தங்களைக் கலந்து, நாய் குரைப்பு, தகரம் தட்டுவது, பெண்கள் கூப்பிடுவது, அதுவும் முறை மாற்றி மாற்றிப் போட வேண்டுமாம். அவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி:

"ஒரு தரம்."

என் விதியை எடுத்து என் கழுத்திலேயே வைக்கிறார் பாருங்கள்!

ராமாத்தாள் எட்டிப் பார்த்தாள். "என்னவாம்?"

"என்ற சத்தத்தை எடுக்கறாங்களாமா."

"வேண்டாம்னு போடுங்க."

"நானா?"

"பின்னே, நானா? ஒரு வார்த்தை போட்டா நிறுத்தி உக்காந்து பேசோணும்னு நீங்கதான சொன்னீங்க?"

பெண்களுக்கு மரியாதை என்றால் என்னவென்று தெரியாது தம்பி. சீர் நடக்கும்போது தாய்மாமனுக்கு முதல் தாம்பூலம் தவறிப் போனால் மாமன் என்ன செய்வான்? "எனக்குத் தாம்பூலம் தரலை" என்று மைக் வைத்துக் கேட்பானா? பேசாமல் எழுந்து மண்டப வாசலுக்கு வந்து நிற்பான். அவ்வளவுதான். உள்ளே சலசலப்பு வரும். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருக்கிறவன்கூட எழுந்து வந்து கையைப் பிடிப்பான். "மாமா, தப்பு நடந்துபோச்சு, உள்ள வாங்க." மாமன் கொஞ்சம் இழுப்பான். அப்புறம் வருவான். அந்த மௌனத்துக்கு இருக்கிற மதிப்பு ஆயிரம் பேச்சுக்கு இல்லை. நான் முறுக்கிக்கொண்டேன். குழுவில் வாயே திறக்கவில்லை. நான் பேசவில்லை என்றாலே தெரிய வேண்டாமா, எனக்குக் கோபம் என்று?

குளித்து வெளுத்த வேட்டி கட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வருகிறவர்களுக்குக் காபி போட எச்சாக ஒரு லிட்டர் பால் வாங்கி வைக்கச் சொன்னேன். ஒருத்தனும் வரவில்லை. பால் திரிந்தது.

"ரெண்டு தரம்" என்று போட்டார் டீச்சர். கீழே ஒரு வரி வேறு: "திருமூர்த்தி ஐயா பார்க்கிறாரா?"

பார்க்கிறேனா என்று கேட்டால்? அந்த போனில் இரண்டு நீலக் கோடு காட்டிக்கொடுத்துவிடுகிறது, பார்த்துவிட்டேன் என்று. பார்த்தும் பதில் சொல்லவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய கோபம்? அது புரிய வேண்டாமா?

ராமாத்தாள் திரும்ப வந்தாள். "பிள்ளைக கேட்டிருக்குதுக. ஒரு 'வேண்டாம்' போடறதுல விரல் தேஞ்சா போயிரும்?"

"அவங்க வந்து கேக்கட்டும்."

"இந்த வெயில்ல எவன் வருவான், இருக்கற சோலியை விட்டுப்போட்டு?"

"கல்யாணத்துக்கு வர்றாங்கல்ல?"

"அங்க சோறு போடறாங்க."

மூன்றாவது தரத்தன்று காலையிலிருந்து போன் என் கையிலேயே இருந்தது. கை வியர்த்து போன் இரண்டு தடவை வழுக்கியது. வெயிலுக்கு. தெருவில் ஒரு பைக் வந்தது, எழுந்தேன். கேஸ் சிலிண்டர்க்காரன். மத்தியானம் போன் கீச்சென்றது.

"மூணு தரம். தீர்மானம் நிறைவேறியது. திருமூர்த்தி ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி."

நன்றியாம்! அதற்குக் கீழே ஆளாளுக்குக் கும்பிடு படம், பூப் படம். மேளம் அடிக்கிற பொம்மை ஒன்று. எவன் செத்தான் என்று மேளம்?

நியாயம் பேசுகிறவர்கள் சொல்லுவார்கள், விதி நீங்கள் வகுத்ததுதானே என்று. ஆமாம், நான்தான் வகுத்தேன். நல்ல விதி. அதை நடத்துகிறவர்களுக்கு இங்கிதம் வேண்டும் அல்லவா? சந்தையில் நான் கூவும்போது, ஒருத்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால், "என்ன மாப்ளே, கேக்கறியா?" என்று ஒரு முறை அவன் பக்கம் திரும்புவேன். அது விதியில் இல்லை. அது மனுஷத்தனம். அதைச் சாசனத்தில் எழுத எந்தக் குழுவுக்குத் தெரியும்?

அதோடு விட்டார்களா? அடுத்த கூட்டத்துக்குக் காரில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இப்போது வருகிறார்கள், காரில்! அதே தேங்காய்க் களம். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நிவாஸ் கண் கலங்கினான். "தன்னோட குரலையே விட்டுக் கொடுத்தவருங்க ஐயா" என்றான். டீச்சர் மைக்கைப் பிடித்தார். "ஒரே ஒரு வார்த்தை, வேண்டாம்னு ஐயா போட்டிருந்தா நாங்க அங்கயே நிறுத்தியிருப்போம். நான் அதுக்காகவே காத்துட்டு இருந்தேன். ரெண்டாவது தரத்துல பேரைச் சொல்லியே கேட்டேன். அவரு போடலை. அதுக்குப் பேருதாங்க பெரிய மனசு."

எனக்கு எழுந்து, "எனக்குப் பெரிய மனசெல்லாம் இல்லை!" என்று கத்த வேண்டும்போல இருந்தது. பெரிய மனசு இல்லை என்று எந்த மனுஷனாவது சபையில் சொல்ல முடியுமா? சால்வையைப் போர்த்தினார்கள். "நிறுவனர் குரல்" என்று பட்டம். கும்பிட்டேன். அதைப் போட்டோ எடுத்து அதையும் திறந்து போட்டுவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம்.

சால்வையை அங்கேயே வீசிவிட்டு வந்தேன்.

இதுவா? இது வேறு. இது... குளிருக்கு. ஜன்னலோரம் காற்று அடிக்கிறது அல்லவா. வேர்க்கிறதுதான், குளிரில் வேர்க்கிற உடம்பு எனக்கு.

பொங்கியண்ணன் காட்டில் இப்போது பன்றி வருவதில்லையாம். கடலையை முழுசாக எடுத்தாராம். ஒரு படி கொண்டுவந்து கொடுத்தார், வறுத்துத் தின்றோம், நல்ல கடலைதான். அதற்காகப் புதுச் சத்தத்தால் பன்றி ஓடியது என்று ஆகிவிடுமா? என் சத்தம் அந்தக் காட்டில் எவ்வளவு காலம் ஒலித்தது! அந்தப் பயம் இப்போதுதான் பன்றிக்கு வேலை செய்கிறது. சில மருந்து அப்படித்தான், லேட்டாகக் கேட்கும்.

பொழுது சாய்ந்தால் இப்போதும் வாசலில் நிற்கிறேன். தெற்கே நாய் குரைக்கிறது, நிஜ நாயா பெட்டி நாயா தெரியவில்லை. மேற்கே யாரோ ஒரு பெண் "ஏ கண்ணா... ஏ கண்ணா..." என்று கூப்பிடுகிறாள். தேனிக்காரன் அம்மாவாம். நல்ல சத்தம்தான், குறை சொல்லவில்லை. கொஞ்சம் மூக்கால் பேசுகிறாள். ராமாத்தாள் கதவைத் திறந்துவிட்டாள். "இப்பத்தான் சீரியல் கேக்குது" என்கிறாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, டிவியைச் சின்னதாக்கிவிட்டு, "என்ன, பேச்சையே காணோம்? ஏதாச்சும் பேசுங்க" என்கிறாள். முப்பது வருஷம் மெதுவாகப் பேசு என்றவள்!

ஒருநாள் பொறுக்க முடியாமல் நிவாஸிடம் போய், "என்ற சத்தத்தைத் திருப்பிக் கொடுடா" என்றேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "ஐயா, அது எங்கயும் போகலைங்க. பழைய கோப்புல அப்படியே இருக்குது. திறந்ததுதான. யாரு வேணா எடுத்துக்கலாம். நீங்களும் எடுத்துக்கலாங்க."

நீங்களும்! என் சத்தத்தை எடுத்துக்கொள்ள எனக்கு அனுமதி கொடுக்கிறான்! இந்தத் திமிரை எங்கே போய்ச் சொல்வது? ஒரு மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தான். வாங்கினேன். வாங்காமல் என்ன செய்ய? அதை நாலைந்தாகப் பிரதி எடுக்கவும் அவனே கற்றுக் கொடுத்தான். படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு அளவே இல்லை தம்பி.

இதோ பாருங்கள், சட்டைப் பையில். வெற்றிலைப் பைக்குள் வைத்திருக்கிறேன், கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும், துடைத்துவிடுங்கள். உங்கள் பெட்டிக்கு அடியில் ரப்பர் மூடி இருக்கிறதா? அதைத் தூக்கினால் ஒரு கார்டு இருக்கும். அதை எடுத்துவிட்டு இதை வையுங்கள். விதிப்படி குற்றம் இல்லை, யாரும் எதையும் மாற்றிக்கொள்ளலாம், அதுதானே திறந்தது! அப்புறம் கட்டும்போது கூம்பைக் கவிழ்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். அது ஓசூர்க்காரன் சொன்னது இல்லை, எனக்கே தோன்றியது.

பன்றி படுத்துக்கொண்டால் என்ன, படுக்கட்டும்! நான் சொல்வது அதுவல்ல. உங்கள் காடு தளிக்கு மேற்கேதானே? காற்று அங்கிருந்து எங்கள் வாசலுக்குத்தான் வரும். அது வேறு விஷயம். அதை விடுங்கள்.

என்ன தம்பி, ஒன்றும் பேசமாட்டேன் என்கிறீர்கள்? உட்கார்ந்ததிலிருந்து உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லையே. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இங்கேயே நிறுத்தி உட்கார்ந்து பேசுவோம். நான் முகத்தைப் பார்த்துக் கேட்கிறவன், அவர்களைப் போல இல்லை.

ஒரு தரம்.

கண்டக்டர், தளி வந்தாச்சா? விசில் அடிக்காதீங்க, இருங்க, இந்தத் தம்பி இறங்கணும்.

இரண்டு தரம்.

பெட்டியைப் பத்திரமாகப் பிடியுங்கள். படியில் இடித்துவிடப் போகிறீர்கள். நான் தூக்கிக் கொடுக்கிறேன். மூடி லேசாகத்தான் இருக்கிறது, விரல் வைத்தால் திறந்துகொள்கிறது...

மூன்று தரம்! போச்சு. போட்டுவிட்டேன், பழைய கார்டு உங்கள் பையில்.

நல்லபடியாகப் போய் வாருங்கள். ஒன்றே ஒன்று தம்பி, காதைக் கொடுங்கள். இந்தக் கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் சொன்னது யார் என்று மட்டும் ஒரு ஈ காக்காவுக்கும் மூச்சு விடக் கூடாது. டீச்சர் காதுக்குப் போனால் அப்புறம் பெரிய மனசு போய்விடும். இன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் உங்கள் காட்டுப் பெட்டி தானாக வாயைத் திறந்து, அதைக் கேட்டு நாலு ஊரும் என்னைக் கண்டுபிடித்தால், அது அவர்கள் பாடு. நீங்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.